கல்லூரி ஆவண அறைக்கு வந்த மின்னாக்கச் சேவை: கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது என்ன?

குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நிர்வாக ஆவணங்களைத் தூசு தட்டி, பெட்டியிலிட்டு, ஸ்கேன் செய்து, தேடிப் பார்க்கும் மென்பொருளில் ஏற்றித் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட வெளியூர் நிறுவனம் ஒன்றின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அந்தக் கல்லூரி அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்பதால், ஆவணக் குழுவில் இருந்து வேலையைத் தொடக்கம் முதல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிர்வாகம் என்னிடம் ஒப்படைத்தது. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. விலைப்புள்ளி அனுப்பிய மற்ற நிறுவனங்களின் திட்டங்களிலும் இதே நிறைகளும் இதே குறைகளும்தான் இருந்தன. இதே வேலையைச் செய்ய எண்ணும் வேறு கல்லூரிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாளைக் காப்பதில் இச்சேவை நன்றாக இருந்தது, கோப்பைக் காப்பதில் பாதிக் கிணறுதான் தாண்டியது.

கோப்பு ஏன் இங்கே அவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாவட்டத்தின் வரலாறே காரணம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரே தெருவில் வசிக்கும் மூன்று தலைமுறைப் பட்டதாரிகளின் சான்றிதழ்களை எடுத்து வைத்தால், மூன்றிலும் மூன்று பல்கலைக்கழகங்களின் முத்திரை இருக்கக்கூடும். 1937இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்குள், 1956 நவம்பர் 1 அன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்துவிட்டதால் இங்கிருந்த கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் கீழும், 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் கீழும் மாறின. கல்வியியல் கல்லூரிகளோ 2008இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. பல்கலைக்கழகம் மாறும்போதெல்லாம் மதிப்பெண் ஏடுகளும் இணைவுக் கோப்புகளும் பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன. புதிய பல்கலைக்கழகத்திடம் பழைய மாணவரைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே அறுபடாமல் தொடர்ந்து வருவது கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடும், அதனோடு ஒட்டிய மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகமும், பல்கலைக்கழகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் மட்டுமே.

வளைகுடா வேலைக்கோ வெளிநாட்டுச் செவிலியர் பணிக்கோ போகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. சான்றிதழின் மெய்த்தன்மையைக் கேட்டு வரும் கடிதங்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் புதியவை அல்ல. சுனாமியில் வீட்டோடு சான்றிதழையும் இழந்து, எந்த ஆண்டு, எந்தப் பதிவு எண் என்று தெரியாமல் வந்து நிற்பவருக்குச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான் துணை. ஆகவே இந்தச் சேவையை நான் அளந்து பார்த்த அளவுகோல் எளியது: பெயரும் ஏறக்குறைய ஓர் ஆண்டும் மட்டும் சொல்லி ஒருவர் வந்தால், அலுவலக உதவியாளர் அவருடைய பதிவை எடுக்க முடிகிறதா, அந்தப் பதிவு உண்மையானது என்பதைக் காட்டும் கோப்பையும் சேர்த்து எடுக்க முடிகிறதா?

முதலில் நல்லவற்றைச் சொல்கிறேன். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெல் சாகுபடிகளுக்கும் நீர் தரும் இரண்டு பருவமழைகளும் ஆவண அறைக்குப் பகைதான். ஆண்டில் பெரும்பகுதி காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது காப்பகப் பணியின் பால பாடம். எங்கள் அறையில் ஓட்டுக் கூரை ஒழுகிய மூலையில் பூஞ்சணம், மர அலமாரியின் கீழ்த்தட்டில் சிதல், பைண்டிங் பசையைத் தேடி வந்த இராமபாணப் பூச்சி ஆகிய மூன்றும் குடியிருந்தன. நிறுவனத்தின் ஆட்கள் வந்ததும் ஸ்கேனரைப் பிரிக்கவில்லை. ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள், அலமாரிகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கச் சொன்னார்கள், பூஞ்சணம் பிடித்த கட்டுகளைத் தனியே பிரித்து வேறோர் அறையில் உலரவிட்டார்கள். துருப்பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இந்த வேலையை ஒரு கல்லூரி அலுவலகம் தானாகச் செய்வதென்றால் அதற்கு ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் பொறுமை கிடைக்காது.

கிழிந்த ஏடுகளைச் சீர் செய்தது இன்னும் பாராட்டத்தக்கது. எங்கள் பழைய பதிவேடுகளில் பலவற்றுக்கு முன்பு யாரோ செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் பசை காலப்போக்கில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கி, அதன் கீழிருந்த எழுத்தையும் மறைத்துவிடும். அவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் மெத்தில் செல்லுலோஸ் பசையையும் கொண்டு கிழிசல்களை ஒட்டினார்கள். தண்ணீர் தொட்டால் பிரிந்துவிடும் பசை அது. பின்னாளில் இதைவிட நல்ல முறை வந்தால் தாளுக்குச் சேதமில்லாமல் பழையதை நீக்கிவிடலாம். நிர்வாகத்தில் சிலர் சேர்க்கைப் பதிவேடு முழுவதையும் லேமினேஷன் செய்து தரச் சொன்னபோது, எவ்வளவு வற்புறுத்தியும் அவர்கள் மறுத்துவிட்டார்கள். சூட்டில் உருகித் தாளோடு ஒன்றிப்போகும் பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் ஈரமும் அங்கேயே அடைபட்டுத் தாளை அரித்துக்கொண்டிருக்கும். வருமானம் வரக்கூடிய ஒரு வேலையை வேண்டாமென்று சொன்ன நிறுவனத்தின் மேல் எனக்கு மதிப்பு ஏற்பட்டது அப்போதுதான். ஊழியர்கள் வெள்ளைப் பருத்திக் கையுறை அணியவில்லை என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அதிலும் அவர்கள் பக்கமே நியாயம். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் மெலிவு தெரியாது, விளிம்பு மடங்கிக் கிழியும்; கழுவித் துடைத்த வெறுங்கையே தாளுக்கு நல்லது.

பதிவேடுகள் கல்லூரி வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை அவர்கள் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். பிற கல்லூரிகளும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டில் சாதி, மதம், தந்தையின் தொழில், ஆண்டு வருமானம், மச்ச அடையாளம் வரை எல்லாம் இருக்கின்றன. இன்று உயிரோடிருக்கும் பல்லாயிரம் பேரின் சொந்த விவரங்களை ஒரு வேனில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவது, 2023இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் பொறுப்பான செயலாக இருந்ததில்லை. நிறுவனம் தன் கருவிகளைக் கொண்டுவந்து, கல்லூரி ஒதுக்கிய அறையில் அமைத்து, எங்கள் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேலை செய்தது.

கருவியைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். ‘வி’ வடிவத் தொட்டிலில் புத்தகத்தை அரையாகத் திறந்து வைத்து மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் என்பதால் பைண்டிங்கைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. பதிவேடுகளுக்கு 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), சாதாரணக் கோப்புகளுக்கு 300 டி.பி.ஐ. என்று வைத்துக்கொண்டோம். மூலப் படிமங்கள் டிஃப் வடிவிலும், அன்றாடப் பயன்பாட்டுக்கானவை நெடுங்காலக் காப்புக்கென்றே வரையறுக்கப்பட்ட பி.டி.எப்./ஏ வடிவிலும் வந்தன. படிமங்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அந்தத் தரம் தானாக வந்துவிடவில்லை. முதல் விலைப்புள்ளியில் அவர்கள் தந்திருந்தது கறுப்பு வெள்ளைப் படிமம். வண்ணத்துக்குக் கூடுதல் கட்டணம். வண்ணம் வெறும் அழகுக்கு என்று நினைக்கும் நிர்வாகி கறுப்பு வெள்ளைக்கே கையெழுத்திட்டுவிடுவார். மதிப்பெண் ஏட்டில் திருத்தம் சிவப்பு மையில் இருக்கிறது. அதற்குச் சான்றளித்த முதல்வரின் சுருக்கொப்பம் பச்சை மையில் இருக்கிறது. தணிக்கையாளர் இட்ட குறி நீலப் பென்சிலில் இருக்கிறது. மூன்றும் ஒரே கறுப்பாகிவிட்டால், 38 என்பதை 48 என்று திருத்தியவர் யார், அதை ஏற்றவர் யார் என்று பின்னாளில் எவராலும் சொல்ல முடியாது. மாதிரிப் பக்கம் ஒன்றை இரண்டு விதமாகவும் எடுத்து நிர்வாகக் குழுவின் மேசையில் வைத்த பிறகே வண்ணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. வெற்றுப் பக்கங்களைத் தானாக நீக்கிவிடும் வசதியையும் நிறுத்தச் சொன்னோம். வெற்று என்று கருவி கருதிய பின்பக்கங்களில் தபால் முத்திரையும், ‘பார்த்தேன்’ என்ற மங்கிய பென்சில் குறிப்பும் இருந்தன.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்களைப் பின்பற்றி நடக்கும் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கோப்பு என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது. வந்த கடிதங்களும் போன கடிதங்களும் நடப்புக் கோப்பில் இருக்கும்; எழுத்தர் முதல் செயலர் வரை ஒவ்வொருவரும் எழுதிய கருத்து குறிப்புக் கோப்பில் இருக்கும். குறிப்பில் ‘பக்கம் 17இல் உள்ள கடிதத்தைக் காண்க’ என்று இருந்தால், நடப்புக் கோப்பின் 17ஆம் பக்கத்தைத் திருப்பினால்தான் முடிவின் காரணம் விளங்கும். இந்த நிறுவனம் கட்டை அவிழ்த்து, மேலிருந்து கீழாக, கைக்கு வந்த வரிசையில் ஸ்கேன் செய்து, ‘பெட்டி 12, படிமம் 0431’ என்று பெயரிட்டது. கோப்பை அடையாளம் காட்ட அலுவலகம் இடும் ந.க. எண் எங்கும் பதிவாகவில்லை. குறிப்பும் நடப்பும் கலந்துபோயின. ஒரு கோப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் படிமங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பாடப்பிரிவு ஒன்றுக்கு இணைவு கோரிய விண்ணப்பமும், அதற்காக வந்த ஆய்வுக் குழுவின் அறிக்கையும், குறை நிவர்த்தி செய்ததாகக் கல்லூரி அனுப்பிய பதிலும், இறுதியில் பல்கலைக்கழகம் தந்த ஆணையும் மென்பொருளுக்குள் நான்கு அநாதைகளாகக் கிடந்தன. நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது ஆவணம். தனித்தனியே கிடந்தால் பழைய தாள்களின் நிழற்படங்கள்.

குறையைச் சுட்டிக் காட்டியபோது அவர்களின் மேற்பார்வையாளர் மரியாதையாகவே பேசினார். “சார், எங்களுக்குப் பக்கக் கணக்கில்தான் கூலி; பிரித்து அடுக்குவது வேலைப் பட்டியலில் இல்லை” என்றார். உண்மைதான், ஒப்பந்தத்தில் அது இல்லை. அந்தத் தொழிலே பக்கக் கணக்கில் நடக்கிறது. ஏ4 பக்கத்துக்கு ஒரு விலை, அகன்ற பதிவேட்டுப் பக்கத்துக்கு அதைப் போலப் பல மடங்கு, வண்ணத்துக்குத் தனி. கோப்பை அறிந்து அடுக்குவதற்கு விலையே இல்லை, ஏனெனில் அதை விற்பனைப் பொருளாக எவரும் நினைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற எழுத்தர்கள் சிலரை மதிப்பூதியத்தில் அழைத்து, கட்டுகளைத் தொடர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புக்கும் முன் ந.க. எண், பொருள், தொடக்க ஆண்டு, முடிந்த ஆண்டு எழுதிய தாள் ஒன்றைச் செருகிய பிறகு, எஞ்சிய பகுதி ஒழுங்காக வந்தது. அந்தத் தாளில் ஒரு பட்டைக் குறியை ஒட்டிவிட்டால் மென்பொருள் அதைப் படித்து, ‘இங்கிருந்து புதிய கோப்பு’ என்று தானே பிரித்துக்கொள்ளும் வசதி அவர்களிடம் இருந்தது. கேட்கும் வரை சொல்லவில்லை.

பக்கக் கணக்கில் கூலி என்பதன் இன்னொரு விளைவு, எந்தத் தாளையும் கழித்து எறிய வேண்டாம் என்ற அவர்களின் ஆலோசனை. கழிக்க வேண்டியது ஏராளம். அலுவலக நடைமுறையில் முடிந்த கோப்பை ஆர்.டிஸ். என்று முடித்தால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் 10 ஆண்டு, கே.டிஸ். என்றால் 3 ஆண்டு, எல்.டிஸ். என்றால் 1 ஆண்டு என்பது பழைய எழுத்தர்களுக்கு மனப்பாடம். இந்த ஒழுங்கைப் பின்பற்றியிருந்தால் எங்கள் அறையில் பாதி இடம் காலியாக இருந்திருக்கும். நடந்தது நேர்மாறு: விடுமுறை விண்ணப்பங்களும் விளையாட்டு விழா அழைப்பிதழ்களும் பத்திரமாக இருந்தன, ஆட்சிக் குழுக் கூட்ட நடவடிக்கைப் புத்தகங்களில் ஒன்று எதற்கோ வெளியே போய்த் திரும்பி வராமலே போயிருந்தது. சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை, மதிப்பெண் ஏடு, ஆட்சிக் குழு நடவடிக்கைகள், இணைவு ஆணைகள், பணிப் பதிவேடுகள், நில ஆவணங்கள், கட்டட வரைபடங்கள், அறக்கொடைப் பத்திரங்கள் ஆகியவற்றை எந்தக் காலத்திலும் கழிக்கக் கூடாது. கல்லூரிக் கையேட்டையும் ஆண்டு மலரையும் நான் இவற்றோடு சேர்ப்பேன், அந்தந்த ஆண்டில் யார் எந்தப் பாடம் நடத்தினார் என்பதை அவைபோல் சொல்பவை வேறில்லை. கட்டண ரசீதுகளையும் வருகைப் பதிவேடுகளையும் உரிய காலம் கழிந்ததும் விடலாம். ஆனால் தணிக்கைத் தடை நிலுவையில் உள்ள ஆண்டின் எந்தத் தாளையும் தடை நீங்கும் வரை தொடக் கூடாது. எதை விடுகிறோம் என்ற பட்டியலை ஆட்சிக் குழு ஒப்புதலோடு எழுதி வைப்பதும், அந்தப் பட்டியலை நிரந்தர ஆவணமாகக் காப்பதும் கழிப்பதைவிட முக்கியம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோதே, பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்லிவிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில் மட்டும் புதுக் கோப்பும் வண்ண அட்டையும் வாங்கும் நம் பழக்கத்துக்கு அந்தப் பிரிவு இன்னும் எட்டவில்லை.

விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்டிருந்த ‘முழு உரைத் தேடல்’ பெருமளவு ஏமாற்றமே. தட்டச்சு செய்த ஆங்கிலக் கடிதங்களில், படிமத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் ஓ.சி.ஆர். நன்றாக வேலை செய்கிறது. அச்சடித்த தமிழிலும் பரவாயில்லை. எங்கள் ஆவணங்களின் உயிர்நாடியான கையெழுத்துப் பதிவேடுகளில் அது எதையும் படிக்கவில்லை. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே பள்ளி ஒன்றையும் நடத்தி வருவதால், மலையாளத்தில் எழுதிய நிலப் பத்திரங்களும், திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தின் கணக்கில் எழுதிய கட்டணப் புத்தகங்களும், கொல்லம் ஆண்டில் தேதியிட்ட கடிதங்களும் அறையில் இருந்தன. கொல்லம் ஆண்டு சிங்க (ஆவணி) மாதத்தில் பிறக்கிறது. சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். மென்பொருளின் தேதிக் கட்டம் நாள், மாதம், நான்கிலக்க ஆங்கில ஆண்டு என்ற வடிவைத் தவிர எதையும் ஏற்காததால், தரவு உள்ளிட்டவர்கள் அந்தக் கட்டங்களை வெறுமனே விட்டுவிட்டார்கள். தாளில் உள்ள தேதியை உள்ளபடியே எழுத ஒரு கட்டமும், கணித்த ஆங்கில ஆண்டுக்கு வேறொரு கட்டமும் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். திருவிதாங்கூரின் நிழல் விழுந்த நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு வரும் எந்த நிறுவனத்திடமும் இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் என்று நம் பல்கலைக்கழகம் பெயர் தாங்கியிருக்கும் சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டு அரசர்களின் காலத்தைக் கல்வெட்டுகளின் கொல்லம் ஆண்டுகளைக் கொண்டு வரையறுக்க முயன்றவர் என்பதை அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

பெயர்களும் இப்படியே. ஒரே பெயருக்குப் பதிவேட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், மதிப்பெண் ஏட்டில் இன்னொன்று, முன்னெழுத்து ஓரிடத்தில் ஒன்று, வேறிடத்தில் இரண்டு. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம். சேர்க்கை எண், சேர்ந்த ஆண்டு, பாடப்பிரிவு, பிறந்த தேதி ஆகிய நான்கையும் இருவர் தனித்தனியே உள்ளிட்டு, வேறுபட்டவற்றை மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிடும் முறையை நாங்கள் வற்புறுத்தினோம். செலவு கூடியது. என்றாலும் முன்பு நான் சொன்ன அளவுகோலில் சேவை தேறியது இந்த இடத்தில்தான். இன்று பெயரும் உத்தேச ஆண்டும் சொல்லி வருபவருக்கு, அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதிவை எடுத்துவிட முடிகிறது.

நிறுவனம் கண்டுகொள்ளவே இல்லாத ஒரு பகுதி, தாளாகவே இல்லாத ஆவணங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து எங்கள் கடிதங்கள் கணினியில் தட்டச்சானவை. தமிழ்க் கடிதங்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்து முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்குவது கடினமான வேலையே அல்ல; ஆனால் அவை இருந்த நெகிழ்வட்டுகள் பாதி படிக்க முடியாதவை ஆகிவிட்டன. பழைய பேக்ஸ் தாள்களின் கதியும் அதுவே: சூட்டில் எழுத்துத் தோன்றும் தாள் என்பதால், பல்கலைக்கழகத்திலிருந்து அவசரமாக வந்த எத்தனையோ ஆணைகள் இன்று வெற்று மஞ்சள் சுருள்களாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து இணைத்த எழுத்தர்கள் கல்லூரிக்குச் செய்த உதவியை இப்போதுதான் உணர்கிறோம். வேலைத் திட்டத்தில் இதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு, “நாங்கள் ஸ்கேன் மட்டும்தான்” என்ற பதில் வந்தது. எங்கள் கணினி அறிவியல் துறை மாணவர்கள் அதைத் தங்கள் செயல்திட்டமாக எடுத்து முடித்துக் கொடுத்தார்கள்.

மென்பொருளைப் பற்றி எச்சரிக்கையோடுதான் எழுத வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது; வேகமாகவும் இயங்குகிறது. ஆனால் அது நிறுவனத்தின் சொந்தப் படைப்பு, ஆண்டுச் சந்தா கட்டினால்தான் திறக்கும், உள்ளிட்ட விவரங்களை வெளியே எடுக்க அவர்களின் உதவி வேண்டும். பெட்டியை நமக்கு விற்றுவிட்டுச் சாவியை வாடகைக்கு விடும் ஏற்பாடு இது. படிமங்களை மட்டும் வன்தட்டில் தந்துவிட்டு, சேர்க்கை எண்ணுக்கும் படிமத்துக்கும் உள்ள தொடர்பைத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொண்டால், சந்தா நின்ற நாளில் நமக்கு மிஞ்சுவது எண்ணிட்ட படங்கள். எல்லா விவரங்களையும் எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண அட்டவணைக் கோப்பாகவும் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே நாங்கள் இரண்டாம் தவணையைக் கொடுத்தோம். அதைக் கொண்டு, பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றத்தின் முயற்சியில் உருவான, கட்டணமில்லாத ‘ஆக்சஸ் டு மெமரி’ மென்பொருளில் ஆவணங்களை ஏற்றி வருகிறோம். ஆவணத்தை உருவாக்கிய அமைப்புக்குள் தொடர், தொடருக்குள் கோப்பு, கோப்புக்குள் தாள் என்று ஆவணத்தின் குடும்ப வரிசையைக் காட்டுவதற்கென்றே அமைக்கப்பட்டது அது. கல்லூரி நூலகங்களில் பலருக்கும் பழக்கமான டிஸ்பேஸ் மென்பொருள் கட்டுரைகளுக்கும் ஆய்வேடுகளுக்கும் பொருந்தும்; நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா தளம் அதில்தான் இயங்குகிறது. நிர்வாகக் கோப்புகளுக்கு அதை வளைத்துப் பயன்படுத்தலாம், இயல்பாகப் பொருந்தாது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் இப்படி நாடு முழுதும் ஓரிடத்தில் காக்கப்படும்போது, அந்தப் பட்டத்தை வழங்கத் தீர்மானித்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பாரில்லை என்பது விந்தைதான்.

காப்புப் படிகள் விஷயத்தில் அவர்களின் திட்டம் போதாது. ஒவ்வொரு படிமத்துக்கும் எஸ்.எச்.ஏ. 256 சரிபார்ப்பு எண் கணித்துப் பட்டியல் தந்தது பாராட்டுக்குரியது. பின்னாளில் ஒரு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அவர்கள் தருவதாகச் சொன்னது இரண்டு வன்தட்டுகள்; இரண்டையும் கல்லூரியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றை நாகர்கோவிலில் உள்ள அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்தால் போதும் என்று எங்கள் குழுவிலும் சிலர் நினைத்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியதை மறந்தவர்கள்தான் அப்படி நினைக்க முடியும். இவ்வளவு சிறிய மாவட்டத்தில், ஒரே புயலின் பாதையில் இருக்கும் இரண்டு கட்டடங்கள் பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒரே கட்டடம்தான். மூன்றாம் படியை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள தோழமைக் கல்லூரி ஒன்றில் முத்திரையிட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கல்லூரியின் படி எங்களிடம் இருக்கிறது. இதற்கு எந்த நிறுவனமும் தேவைப்படவில்லை, இரண்டு முதல்வர்களின் கடிதம் போதுமாயிருந்தது.

பல்கலைக்கழகத்திடம் இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. இணைவு பெற்ற கல்லூரிகள் எந்த ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரே காப்புக்கால அட்டவணையை அது வெளியிட்டால், ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வாதாட வேண்டியிருக்காது. தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்கு இது இன்னும் அவசரமானது. அங்கே தேர்வை நடத்துவதும் மதிப்பெண்ணை முடிவு செய்வதும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். பல்கலைக்கழகம் அதன் அடிப்படையில் பட்டம் வழங்குகிறது. முன்பு பல்கலைக்கழகத்தின் பொறுப்பாக இருந்த மூல மதிப்பெண் ஏடு இப்போது கல்லூரியின் ஓர் அறைக்குள், பெரும்பாலும் ஒரு கணினியின் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. டிஜிலாக்கரில் சான்றிதழ் கிடைப்பதால் கவலையில்லை என்று எண்ணுவது தவறு. மறுமதிப்பீட்டில் மாறிய மதிப்பெண்ணும் அதை மாற்றிய ஆணையும் சான்றிதழில் தெரியாது. அவை ஏட்டிலும் கோப்பிலும் மட்டுமே இருக்கும்.

நிறுவனம் இப்போது ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றை நீட்டியிருக்கிறது. மென்பொருள் சந்தாவை நாங்கள் புதுப்பிக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் வந்து, பூச்சி, பூஞ்சணம், பெட்டிகளின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பதற்கும், கிழிந்த ஏடுகளைச் சீர் செய்வதற்கும், அவ்வாண்டு முடிந்த பதிவேடுகளை வண்ணத்தில் ஸ்கேன் செய்வதற்கும் மட்டும் அவர்களை அமர்த்த ஆட்சிக் குழுவுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். கோப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலை எங்கள் எழுத்தர்களிடமே இருக்கும். அதற்கான மதிப்பூதியத்தை ஸ்கேன் கட்டணத்துக்கு முன்பே வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.